உதவி எந்த வாசலில், விசா எந்த வாசலில்: வெளிநாட்டில் இருக்கும் நெல்லைக்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

நெல்லைச் சீமையில் கடல் தாண்டிப் போன ஆள் இல்லாத தெரு குறைவு. மேலப்பாளையத்துக்கும் ஏர்வாடிக்கும் வளைகுடா. கடையநல்லூருக்கும் தென்காசிக்கும் பல தலைமுறையாகப் பினாங்கும் சிங்கப்பூரும். பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் படித்து முடித்த பிள்ளைகளுக்கு இப்போது அமெரிக்காவும் கனடாவும். இத்தனை பேர் போய்வந்தும் ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை: "எம்பஸியில சொன்னா வீட்டுக்காரிக்கும் பிள்ளையளுக்கும் விசா அடிச்சுக் குடுப்பாவளா அண்ணாச்சி?"

குடுக்க மாட்டாவ. அது அவர்கள் வேலையே இல்லை. இந்த ஒரு குழப்பத்தால்தான் பாதிப் பேர் தவறான வாசலில் போய் நிற்கிறார்கள்.

விதி சுருக்கமானது. உங்களுக்கு ஒரு சிக்கல் என்றால், உங்கள் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறதோ அந்த நாட்டுத் தூதரகத்திடம் போக வேண்டும். குடும்பத்துக்கு விசா வேண்டும் என்றால், குடும்பம் எந்த நாட்டுக்குள் நுழைய வேண்டுமோ அந்த நாட்டு அரசிடம் கேட்க வேண்டும். துபாயில் இருக்கும் வள்ளியூர்க்காரருக்குச் சம்பளம் வரவில்லை என்றால் இந்தியத் தூதரகம். அவர் மனைவி துபாய்க்கு வர வேண்டும் என்றால் அமீரக அரசின் குடிவரவுத் துறை; இந்தியத் தூதரகத்துக்கு அதில் பங்கே கிடையாது.

பாஸ்போர்ட் மாறினால் வாசலும் மாறும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அம்பாசமுத்திரத்துக்காரருக்கு அமெரிக்காவில் சட்டச் சிக்கல் வந்தால் இந்தியத் தூதரகம் தலையிட முடியாது. அதே ஆள் ஊர்த் திருவிழாவுக்கு வந்த இடத்தில் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டால், சென்னை அண்ணா மேம்பாலத்துப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம்தான் அவருக்குத் தூதரகம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை கையில் இருக்கிறதே என்றால், அது ஆயுள்கால விசாவைப் போன்றதுதான், குடியுரிமை ஆகாது.

எம்பஸி, கான்சுலேட், ஹை கமிஷன் என்று மூன்று பெயர் காதில் விழும். தலைநகரில் இருப்பது எம்பஸி, பெரிய நகரங்களில் இருக்கும் அதன் கிளை கான்சுலேட். காமன்வெல்த் நாடுகளுக்குள் எம்பஸியையே ஹை கமிஷன் என்பார்கள். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் அப்படித்தான். எல்லை மட்டும் கவனம்: ஷார்ஜாவில் இருப்பவருக்குத் துபாய் கான்சுலேட், அபுதாபியில் இருப்பவருக்கு அங்குள்ள எம்பஸி. சவூதியில் தம்மாம் ரியாத் எம்பஸியைச் சேரும், மக்காவும் மதினாவும் ஜித்தா கான்சுலேட்டைச் சேரும்.

தூதரகத்தால் என்ன முடியும் என்பதற்கு அடிப்படை 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தம். அதன் 36-ஆவது பிரிவு முக்கியமானது. வெளிநாட்டில் ஒருவரைக் கைது செய்தால், அவர் கேட்டுக்கொண்டால், அவருடைய நாட்டுத் தூதரகத்துக்கு அந்த நாடு தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி சிறையில் வந்து பார்க்கலாம், வழக்கறிஞர் ஏற்பாட்டுக்கு உதவலாம். 2019-இல், பாகிஸ்தானில் பிடிபட்ட இந்தியரான குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இந்தப் பிரிவை மீறியது என்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோதுதான் நம்மில் பலர் இதைக் கேள்விப்பட்டோம். 'கேட்டுக்கொண்டால்' என்பதை நினைவில் வையுங்கள். பிடிபட்டவர் வாய் திறந்து "என் எம்பஸிக்குச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும்.

தூதரகத்தால் முடியாததும் உண்டு. ஜெயிலைத் திறந்து கூட்டிவர முடியாது. அந்த ஊர் நீதிமன்றத்தை மீற முடியாது. நீங்கள் வாங்கிய கடனைக் கட்டாது. கம்பெனியோடு பேசும், தொழிலாளர் துறைக்குப் புகாரை எடுத்துப்போக வழி காட்டும். ஆனால் சம்பளத்தைப் பிடுங்கிக் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பாஸ்போர்ட்டைக் கபில் (விசா கொடுத்து அழைத்த முதலாளி) பிடுங்கி வைத்துக்கொண்டாலோ, அது தொலைந்துபோனாலோ, ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்று ஒன்றைத் தரும். வளைகுடாவில் இதைத்தான் அவுட்பாஸ் என்கிறோம். அவுட்பாஸ் கையில் வந்ததும் விமானம் ஏறிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. சவூதியில் 'ஹுரூப்', அதாவது வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று கபில் புகார் கொடுத்திருந்தால், அந்த அரசின் எக்ஸிட் அனுமதி தனியாக வேண்டும். இந்தியா தருவது பயணத்துக்கான ஆவணம்; வெளியேறும் அனுமதி அந்த நாட்டுடையது.

கையில் காசே இல்லாதவருக்கு 2009-இல் தொடங்கிய இந்திய சமுதாய நல நிதி இருக்கிறது. பாஸ்போர்ட், சான்றொப்பம் போன்ற சேவைகளுக்கு நாம் கட்டும் கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் சிறு தொகையில் ஓடும் நிதி அது. தங்குமிடம், அவசர மருத்துவம், சட்ட உதவி, திரும்பிவர டிக்கெட், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்புவது ஆகியவற்றுக்கு, உண்மையிலேயே வழியற்றவர்களுக்குத் தூதரகம் இதிலிருந்து செலவழிக்கலாம். இது தர்மம் இல்லை, நம் காசுதான். தயங்காமல் கேட்க வேண்டும்.

ஊரில் இருக்கும் குடும்பம் என்ன செய்வது? திங்கட்கிழமை காலையில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட மகனுக்காக மனுவோடு வரும் தாய்மார்களை அங்கே பார்க்கலாம். போவது சரிதான். ஆனால் அந்த மனுக்களில் பெரும்பாலும் என்ன இருக்கும்? மகன் பெயர், ஊர், "சவூதியில் வேலை", "எப்படியாவது மீட்டுத் தர வேண்டும்". பாஸ்போர்ட் எண் இருக்காது. கம்பெனியின் பெயர் இருக்காது. எந்த நகரம் என்பதுகூட இருக்காது. இத்தனை லட்சம் இந்தியர் இருக்கும் நாட்டில் ஒருவரைத் தேட இது போதாது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா அல்லது இக்காமா (சவூதியில் குடியிருப்பு அட்டை) நகல், வேலை ஒப்பந்தம், முதலாளியின் தொலைபேசி எண், மகன் கடைசியாக அனுப்பிய வாட்ஸ்அப் லொகேஷன்: இவை இருந்தால் மனு நேராக வேலை செய்யும். இதே தாள்களை வைத்து வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய 'மதத்' தளத்திலும் புகார் பதியலாம். பதிவெண் கிடைக்கும், எந்த மேசையில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். கலெக்டர் மனுவும் கடைசியில் சென்னை வழியாக அந்தத் தூதரகத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். இரண்டையும் செய்வதில் தப்பில்லை.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. அவர்கள் பாஸ்போர்ட் பொதுவாக ஈசிஆர், அதாவது 'குடிபெயர்வுச் சோதனை தேவை' என்ற வகை. வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா என்ற காப்பீடும் கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய். விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால், இந்த அனுமதியும் காப்பீடும் இரண்டுமே போய்விடும் என்று பொருள். அதை அவர் சொல்லவே மாட்டார்.

இனி இரண்டாவது வாசல், குடும்ப விசா.

உலகத்தில் இது இரண்டு வகை. ஒன்று, நீங்கள் வேலை பார்க்கும் வரை குடும்பம் கூட இருக்கும் தற்காலிக விசா. இன்னொன்று, குடும்பமே நிரந்தரமாகக் குடியேறும் விசா. வளைகுடா முழுக்க முதல் வகை. அமெரிக்காவில் இருப்பவர் உறவினருக்காகப் போடும் 'பெட்டிஷன்' இரண்டாவது வகை.

முதல் வகையில் பார்ப்பது பெரும்பாலும் சம்பளத்தைத்தான். அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் மனைவி மக்களை அழைக்கலாம். 2019-இல் வேலைப் பதவி பார்ப்பதை நீக்கிவிட்டார்கள், டிரைவரானாலும் சம்பளம் இருந்தால் போதும். சவூதியில் கூட்டிவருவதைவிட வைத்துக்கொள்வதுதான் செலவு: ஒரு தலைக்கு மாதம் 400 ரியால் வரி. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் வருஷத்துக்கு 14,400 ரியால், அதுவும் இக்காமா புதுப்பிக்கும்போதே கட்ட வேண்டும். பலர் குடும்பத்தை ஊருக்கே திருப்பி அனுப்பியதற்கு இந்தக் கணக்குதான் காரணம். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் உள்ளவர் 6,000 வெள்ளி சம்பளம் இருந்தால் கம்பெனி மூலமாகக் கேட்கலாம். ஒர்க் பர்மிட்காரருக்கு அந்த வழியே இல்லை.

இந்த எல்லா நாடும் கேட்கும் ஒரே தாள், திருமணப் பதிவுச் சான்று. இதில்தான் நம் ஊர் மாப்பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மாத லீவில் வந்து, பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் என்று நாள் ஓடிவிடும். பதிவு அலுவலகம் நினைவுக்கு வரும்போது அவர் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இருப்பார். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி எந்த மதமானாலும் பதிவு கட்டாயம். திருமணமான 90 நாளுக்குள், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு அடுத்த 60 நாளுக்குள். அதற்கு மேல் போனால் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவது சிக்கல். ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடும், சர்ச்சில் கொடுத்த சான்றும் கையில் இருந்தாலும், அவற்றை வைத்துச் சார்பதிவாளரிடமும் பதிந்துவிடுவதே நல்லது. என்னைக் கேட்டால், மறுவீட்டுக்கு முந்தின நாள் சார்பதிவாளர் அலுவலகம் என்று மாப்பிள்ளை வீட்டார் தேதி குறித்துவிட வேண்டும்.

பதிந்த சான்று மட்டும் போதாது, வெளிநாட்டில் செல்லும்படி அதைச் சான்றொப்பம் செய்ய வேண்டும். 1961-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை. இந்தியா 2005-இல் சேர்ந்தது. ஓமான், பஹ்ரைன், 2022 முதல் சவூதி, அமெரிக்கா எல்லாம் இதில் உண்டு. அமீரகம், குவைத், கத்தார் ஆகியவை சேரவில்லை. அங்கே போக முதலில் தமிழ்நாடு அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம், அதன் பிறகு இந்தியாவில் இருக்கும் அந்த நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாக முத்திரை வாங்க வேண்டும். இந்த வேலை எல்லாமே இந்தியாவில் நடப்பது. கணவர் துபாயில் இருந்துகொண்டு அங்குள்ள இந்தியக் கான்சுலேட்டில் வரிசையில் நின்றால் பயன் இல்லை.

பெயர் விஷயத்துக்கு வருவோம். பாஸ்போர்ட்டில் பெயருக்கு இரண்டு கட்டம்: குடும்பப் பெயர், சொந்தப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தான். ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவார், இன்னொருவர் தன் பெயரை அங்கே போட்டு மற்றதைக் காலியாக விடுவார். காலியாக விட்டவருக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சாகி வரும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அதற்குப் பிறகு டிரைவிங் லைசென்ஸ் முதல் பேங்க் கணக்கு வரை அந்த எஃப்என்யு கூடவே வரும். அமீரகம் 2022 நவம்பர் முதல், ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவே தருவதில்லை.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. ஒரு பேச்சுக்கு இசக்கியம்மாள் என்று ஒரு அம்மா. பள்ளிச் சான்றில் ஆங்கிலத்தில் ஐ எழுத்தில் தொடங்கியிருக்கும், பாஸ்போர்ட்டில் ஈ எழுத்தில். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் 'இசக்கி' மட்டும். மகனுடைய பிறப்புச் சான்றில் 'எசக்கியம்மா'. ஊரில் யாரும் இதை ஒரு பிழையாகவே நினைத்ததில்லை; நெல்லையில் பாதி அம்மாக்கள் பெயர் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் மகன் அம்மாவுக்காகப் பெட்டிஷன் போடும்போது, அவர் தன் அம்மாதான் என்று காட்டக்கூடிய முதல் தாள் அந்தப் பிறப்புச் சான்று. பிறப்புச் சான்றில் இருக்கும் அம்மாவும் பாஸ்போர்ட்டில் இருக்கும் அம்மாவும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கூடவே பழைய ஆவணங்களை அடுக்க வேண்டும். முடிந்தவரை மனு போடும் முன்பே மாநகராட்சியிலோ பேரூராட்சியிலோ திருத்தி வாங்கிவிடுவது சுலபம். பிறப்புப் பதிவே இல்லாதவர்களுக்கு, பதிவில்லை என்ற சான்றை உரிய அலுவலகத்தில் வாங்கி, பிறப்பை அறிந்த மூத்த உறவினர்களின் உறுதிமொழியோடு பள்ளிச் சான்றையும் கொடுக்கும் வழி இருக்கிறது.

இப்போது அந்தப் பெட்டிஷன் என்ன என்று பார்ப்போம். படிவத்தின் பெயர் ஐ-130. "இவர் எனக்கு இன்ன உறவு" என்று அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் உரிமை அட்டை) உள்ளவரோ அரசிடம் நிரூபிக்கும் மனு, அவ்வளவுதான். அது விசா இல்லை. விசாவுக்கான வரிசையில் இடம் பிடித்துத் தருவது. குடிமகனுடைய கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குக் கீழான திருமணமாகாத பிள்ளை, பெற்றோர் ஆகியோருக்கு வரிசையே கிடையாது. உடன்பிறந்தாருக்கு உண்டு, நீளமாக உண்டு: 2025-இல் இந்தியர்களுக்கு நகர்ந்துகொண்டிருந்தவை 2006-இல் போட்ட மனுக்கள். "தம்பிக்குப் போட்டு வையி" என்று அம்மா சொன்னால் போட்டு வைக்கலாம். அதை நம்பித் தம்பி வேலையை விடக் கூடாது. கிரீன் கார்டு மட்டும் உள்ளவர் பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ மனுப் போடவே முடியாது.

அமெரிக்கக் குடிமகன் அமெரிக்காவில் இல்லாமல் துபாயிலோ திருநெல்வேலியிலோ இருந்தாலும் ஐ-130 போடலாம். ஆன்லைனில் 625 டாலர், தாளில் அனுப்பினால் 675. வெளிநாட்டுத் தூதரகத்தில் நேரடியாகக் கொடுக்கும் பழைய வழி இப்போது திடீர் வேலைமாற்றம், மருத்துவ அவசரம் போன்ற சில விதிவிலக்குகளுக்கு மட்டும்தான்.

மனுவைவிட அதற்கு அடுத்த கட்டம்தான் வெளிநாட்டில் இருப்பவரைத் தடுக்கும். ஐ-864 என்ற ஜாமீன் பத்திரம். வருகிறவர் அரசுக்குப் பாரமாக மாட்டார், நான் பொறுப்பு என்று மனுதாரர் கையெழுத்திட வேண்டும். வருமானம் அமெரிக்க அரசின் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். மூன்று இடத்தில் இடறும். முதலாவது, மனுதாரரின் நிலையான வசிப்பிடம் அமெரிக்காவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தோடு திரும்பப் போகிறேன் என்பதற்கு வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளி அனுமதி என்று ஆதாரம் காட்ட வேண்டும். இரண்டாவது, துபாய்ச் சம்பளம் அமெரிக்கா போன பிறகும் அதே இடத்திலிருந்து தொடரும் என்றால்தான் கணக்கில் வரும். வருமானக் குறைக்கு அமெரிக்காவில் இருக்கும் மாமாவையோ நண்பரையோ கூட்டு ஜாமீனாகச் சேர்க்கலாம், ஆனால் வசிப்பிடக் குறையை அவரால் நிரப்ப முடியாது. மூன்றாவது, கடைசி வருஷத்து வருமான வரிக் கணக்கு. துபாயில் சம்பளத்துக்கு வரி இல்லை என்பதால் பலர் மறந்தே போகிறார்கள். அமெரிக்கக் குடிமகன் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டியவர்.

கிரீன் கார்டு உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதை. மனைவிக்கு மனுப் போட்டுவிட்டு ஊரிலேயே தங்கிவிட்டால் அவருடைய கார்டே கேள்விக்குள்ளாகும். ஓராண்டுக்கு மேல் வெளியே இருக்க நேர்ந்தால் அமெரிக்காவை விட்டுக் கிளம்பும் முன்பே மீண்டும் நுழைவதற்கான ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மனு அங்கீகாரமானதும் கோப்பு அமெரிக்காவின் தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே கட்டணம், டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவம், ஆவணங்கள். பிறகு நேர்காணல். சென்னையில் துணைத் தூதரகம் இருக்கிறதே என்று நினைப்போம். அங்கே சுற்றுலா, படிப்பு, வேலை விசாக்கள்தான். இந்தியாவில் இருக்கும் குடும்பத்தாருக்குக் குடியேற்ற விசா நேர்காணல் வழக்கமாக மும்பையில். நெல்லை ரயில்நிலையத்தில் மும்பை வண்டிக்குக் காத்திருப்பவர்களில் இப்படி ஃபைலோடு நிற்பவர்களும் உண்டு.

அந்த ஃபைலில் போலீஸ் சான்று ஒன்று இருக்கும். இந்தியாவுக்கானதைத் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம். ஆனால் மனைவி இடையில் குவைத்தில் மூன்று வருஷம் நர்ஸாக இருந்திருந்தால், அந்த நாட்டுப் போலீஸ் சான்றும் கேட்பார்கள். 16 வயதுக்குப் பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளுக்கு இது பொருந்தும். வேலையை முடித்துக் கிளம்பும்போதே அங்கே வாங்கி வைத்துக்கொண்டால் கை ரேகைத் தாளோடு பின்னால் தூதரகம் தூதரகமாக அலைய வேண்டாம். சான்றுக்குக் காலாவதி உண்டு என்றாலும், அந்த நாட்டுக்குத் திரும்பப் போகாதவரிடம் பழைய சான்றையே பொதுவாக ஏற்பார்கள்.

வெளிநாட்டில் குழந்தை பிறந்தால் இரண்டு வாசலுக்கும் போக வேண்டும். பிறந்த நாட்டின் பிறப்புச் சான்று, இருப்பு விசா ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்தியக் குடியுரிமை வேண்டும் என்றால், குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதியோடு, ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் சட்டம் இதுதான். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் தூதரகம் தானாகப் பதிய முடியாது, மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும்.